கருஞ்சிறுத்தையின் அரியணை

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஒரு கோடரி. அதன் எதிரே ஒரு கறுப்பிளைஞன். கையிலே காப்பிக் கோப்பையுடன் வந்த வெள்ளைக்கார அம்மையார், அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர், எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விளக்குகிறார். இளைஞன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்கிறான்: உங்கள் முன்னோர் இவற்றை நியாய விலை கொடுத்தா வாங்கினார்கள்? மற்றவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டது போலத்தானே இவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்?

2018 ஆம் ஆண்டு வெளிவந்து, உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூல் கண்டு, மறு ஆண்டு மூன்று ஆஸ்கார் பரிசுகளையும் தட்டிச் சென்ற 'பிளாக் பாந்தர்' என்னும் அமெரிக்கப் படத்திலே வருகிறது இக்காட்சி. சாகசங்களும் சண்டைகளும் நிறைந்த அப்படத்தில், கத்தி எடுக்காமல் நடக்கும் பெரிய சண்டை இதுதான் என்பேன்.

ஆதிச்சநல்லூர்ப் பறம்பின் பக்கத்தில் வாழ்கின்ற எவருக்கும் அக்கேள்வி ஆப்பிரிக்காவின் கேள்வியாக மட்டும் ஒலிக்காது. 1876 இல் பெர்லினிலிருந்து வந்தார் டாக்டர் ஜாகர். எங்கள் பறம்பைத் தோண்டினார். வகை வகையான மட்கலங்கள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள்! எடுத்தார், கட்டினார், கப்பலேற்றினார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ என்ற வெள்ளையர், 114 ஏக்கர் பரந்து கிடந்த அந்த இடுகாட்டைத் துருவினார்; பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், வெண்கல எருமையும் சேவலும் நாயும் அமர்ந்த கலமூடிகளும், நெல்லின் உமியும், பருத்தித் துணியின் துணுக்கும் கிடைத்தன. அவை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குப் பயணமாயின. 1904 இல் லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். தம் பங்கைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். எங்கள் மூதாதையரின் மண்டையோடுகளை அளந்து, இவர்கள் எந்த 'இனம்' என்று வகை பிரித்து, 1930 இல் ஆராய்ச்சிக் கட்டுரையும் அச்சாயிற்று. செத்தவன் வாய் திறந்து, "ஐயா, நான் ஆற்றங்கரை விவசாயி, அவ்வளவுதான்!" என்று சொல்லவா முடியும்?

ஆனால் ரீயையும் ஜாகரையும் ஒரே தராசில் நிறுத்த நான் ஒருப்படேன். ரீ கண்டதை எழுதி வைத்தார்; அவர் ஆக்கிய பட்டியல் 1915 இல் வெளிவந்தது. வெள்ளையன் போன பின்னர், நம்முடைய மத்திய அரசின் தொல்லியல் துறையே 2004–05 இல் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளை வெளியே எடுத்தது. அறிக்கை எங்கே? ஆண்டுகள் உருண்டன, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைப் படியேறிக் கேட்டபிறகு, 2019 இல் கிடைத்தது காலக்கணிப்பு: கி.மு. 905, கி.மு. 696 என்று. அன்னியன் எடுத்துப் போனான் என்று முழங்கும்போது, நம்மவன் எடுத்துப் பூட்டிவைத்ததையும் சேர்த்தே முழங்க வேண்டும், தோழர்களே! படத்து இளைஞனின் கேள்விக்கு இரண்டு முனைகள் உண்டு.

இனிப் படத்துக்கு வருவோம்.

வக்காண்டா என்றொரு கற்பனை நாடு, ஆப்பிரிக்காவின் நடுவே. விண்ணிலிருந்து விழுந்த 'வைப்ரேனியம்' என்ற அதிசய உலோகம் அதற்குச் சொந்தம். அதன் வலிமையால் உலகின் எந்த வல்லரசையும் விஞ்சிய விஞ்ஞானம் அங்கே வளர்கிறது. ஆயினும் வெளியுலகம் வந்து பறித்துவிடுமே என்ற அச்சத்தால், ஆடு மாடு மேய்க்கும் ஏழை நாடாக வேடமிட்டு ஒளிந்து வாழ்கிறது. முதிய மன்னன் மாள, மகன் டி'சாலா முடிசூடுகிறான். முன்பு 1992 இல், அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், தந்தை மன்னன் தன் தம்பியையே கொன்றுவிட்டு, தம்பி பெற்ற சிறுவனை அனாதையாக விட்டுவந்தான் என்ற உண்மை பின்னர் வெளிப்படுகிறது. அந்தச் சிறுவன்தான் அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்ட இளைஞன், கில்மாங்கர். அரியணையில் தனக்கும் உரிமையுண்டு என்று வருகிறான், வெல்கிறான், உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பருக்கு வக்காண்டாவின் ஆயுதங்களை அனுப்ப ஆணையிடுகிறான், இறுதியில் டி'சாலாவின் கையால் மடிகிறான்.

இந்தப் 'பிளாக் பாந்தர்' முதன்முதலில் 1966 இல் சித்திரக்கதையாகப் பிறந்தவன். படைத்தவர்கள் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்ற இரு வெள்ளையர். ஐம்பதாண்டு கழித்துப் படமாக்கியவரோ ஓக்லாந்திலேயே பிறந்த கறுப்பர், ரயன் கூக்ளர். டி'சாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன் 2020 இல் புற்றுநோயால் காலமானார். அடுத்த பாகம் 2022 இல் வந்தது; அது துக்கம் கொண்டாடிய படம், அதைப்பற்றி இங்கே பேசப்போவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் படிப்பகத்து இளைஞர்கள் வெள்ளைத் துணி கட்டி, தமிழ்க் குரல் சேர்த்த பிரதியை ஓட்டினார்கள். பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பாதி, பெரியவர்கள் பாதி. நான் ஆசிரியை, எனவே படத்தைப் பார்த்ததில் பாதி நேரம், படம் பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்தேன்.

என்ன கண்டேன்? முதலில் வியப்பு. திரை முழுவதும் கறுப்பு நிறம்! அரசன் கறுப்பு, அரசி கறுப்பு, விஞ்ஞானி கறுப்பு, படைத்தலைவி கறுப்பு, உளவுப்பெண் கறுப்பு. அவர்களிலே ஒருவர்கூடக் கேலிக்காக நிறுத்தப்படவில்லை. இது பெரிய செய்தியா என்று கேட்பவர், நம் தமிழ்ப் படங்களைப் பாராதவராக இருக்க வேண்டும். வெயிலில் உழைத்துக் கறுத்த மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் படத்திலே, கதாநாயகி வெளுத்த தோலுடன் வெளிமாநிலத்திலிருந்து வருவாள், தோழிதான் கறுப்பு, கறுப்பு என்றால் சிரிப்பு! ஆப்பிரிக்கர் ஒருவர் வந்தாரென்றால், போதைப் பொட்டலம் விற்கத்தான் வருவார், கதாநாயகனிடம் அடி வாங்கத்தான் வருவார். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று விற்ற முகப்பூச்சு, உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் 2020 இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர்தான் மாறியது, எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் சிறு பொட்டலங்களின் வரிசை குறையவில்லை. என் வகுப்பில் மாநிறத்துக்கும் ஒரு படி கூடுதலான ஒரு மாணவி, படம் முடிகிற வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டறிய வேண்டியதும் இல்லை.

அடுத்தது, அந்த வீராங்கனைகள்! மன்னனின் மெய்க்காவற்படை முழுவதும் பெண்கள். அனைவரும் மழித்த தலையர். நம் நாட்டில் பெண் தலையை மழித்தால் அதற்கு இரண்டே பொருள். ஒன்று, திருச்செந்தூர் வேண்டுதல். மற்றொன்று, வைதீகம் ஒரு காலத்தில் கைம்பெண்ணுக்கு விதித்த தண்டனை. கணவன் செத்தான் என்பதற்காகக் கூந்தலைக் களைந்து, மூலையிலே முடக்கிய கொடுமையின் சின்னம் அது. அதே மழித்த தலை இப்படத்தில் வீரத்தின் சின்னம்! தென்கொரியாவில் ஒரு சூதாட்ட விடுதியில், மாறுவேடத்துக்காகப் பொய்முடி வைத்துக்கொண்ட படைத்தலைவி ஒக்கோயே, அதைச் சுமையென்று முனகிக்கொண்டே திரிகிறாள். சண்டை மூண்டதும் அதைப் பிடுங்கி எதிரியின் முகத்திலே வீசுகிறாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் கை தட்டத் தோன்றிற்று; தட்டினேன்.

இவ்வளவும் மகிழ்ச்சி. இனி என் வழக்கு.

உலகிலேயே முன்னேறிய விஞ்ஞானம் படைத்த நாடு வக்காண்டா. முதுகெலும்பில் பாய்ந்த குண்டுக்காயத்தை ஒரே நாளில் ஆற்றுகிறார்கள். காந்த விசையில் பறக்கும் தொடர்வண்டி ஓட்டுகிறார்கள். மன்னனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அருவியின் விளிம்பில் இருவரை மல்லுக்கு விட்டு! எவன் மற்றவனைக் கொல்கிறானோ, அல்லது பணிய வைக்கிறானோ, அவன் அரசன். அதிலும் அரசகுருதி வேண்டும், அல்லது குலத்தலைவரின் ஒப்புதல் வேண்டும். வாக்குச்சீட்டு? அது எந்தக் கடையில் விற்கும்? பூசாரி மூலிகைச் சாறு கொடுப்பார். குடித்து மண்ணுக்குள் புதைந்தால் முன்னோரைக் காணலாம். எழுந்தால் சிறுத்தைத் தெய்வத்தின் வலிமை கைகூடும். அணுவைப் பிளக்கத் தெரிந்தவனுக்கு ஆளுபவனை மாற்றத் தெரியவில்லை என்றால், அந்த விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை என்றுதானே பொருள்?

மன்னனின் தங்கை சூரி, வயதில் சிறியவள், நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானி. முடிசூட்டு விழாவில் கையைத் தூக்குகிறாள். அரங்கமே அதிர்கிறது, இவளும் அரியணைக்குப் போட்டியோ என்று! இல்லை, இந்தச் சடங்கு உடுப்பு இறுக்குகிறது, விரைவில் முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், சிரித்து முடித்ததும் சினம் வந்தது. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆளைக் கேலிக்காரியாக்கிக் கடந்துவிட்டார்களே!

தமிழ்த்திரை இதனை 60 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒப்பு நோக்கச் சொல்கிறேன். 1958 இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில், மன்னராட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும் நாடோடி ஒருவன், உருவ ஒற்றுமையால் மன்னனின் இடத்திலே அமர்த்தப்படுகிறான். அமர்ந்ததும் மக்களுக்கான சட்டங்களை அடுக்குகிறான். அதுவும் வாட்போரும் காதலும் கலந்த கேளிக்கைப் படந்தான். ஆனால் அரியணை என்பது எதற்கு, யாருக்கு என்ற வினா அந்தக் கேளிக்கையின் நடுநரம்பாக ஓடிற்று. 2018 இன் ஹாலிவுட் படமோ, யார் நல்ல மன்னன் என்று கேட்கிறது. மன்னன் எதற்கு என்று கேட்க மறந்துவிடுகிறது. படத்திலே ஒரே ஓர் இடத்தில் அந்த வினா நிழலாடுகிறது. கில்மாங்கர் அரியணை ஏறிய இரவு, நாக்கியா தப்பிச்செல்ல அழைக்கிறாள், ஒக்கோயே மறுக்கிறாள். யார் அமர்ந்தாலும் அந்த அரியணைக்கே தான் கட்டுப்பட்டவள் என்கிறாள். நாக்கியாவோ நாட்டைக் காப்பது வேறு, அரியணைக்கு ஊழியம் செய்வது வேறு என்று சொல்லிப் பிரிகிறாள். இரண்டு நிமிடக் காட்சி. இந்த இரண்டு நிமிடத்தை இரண்டு மணி நேரமாக விரித்திருந்தால், இதை நான் காவியம் என்றே எழுதியிருப்பேன்.

இன்னொன்று. வக்காண்டாவில் ஐந்து குலங்கள். எல்லைக் காவல் ஒரு குலத்துக்கு, சுரங்கம் ஒரு குலத்துக்கு, வாணிபம் ஒரு குலத்துக்கு, ஆறு ஒரு குலத்துக்கு. ஐந்தாவது குலம், ஜபாரி, மன்னனை ஏற்காமல் பனிமலைக்கு ஒதுங்கியது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிறம்: எல்லைக் குலத்துக்கு நீலம், ஆற்றுக் குலத்துக்குப் பச்சை. உடையமைத்த ரூத் கார்ட்டர் அம்மையார் அதற்காகவே ஆஸ்கார் பெற்றார். கண்ணுக்கு விருந்துதான், அருவிப்பாறையில் குலங்கள் வரிசையாக நிற்கும்போது வானவில் இறங்கி வந்தது போலிருக்கிறது.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பிக் கேட்டான்: "அங்கயும் ஆளுக்கு ஒரு கலரா, டீச்சர்?"

அவன் எதைக் கேட்கிறான் என்பது தென்மாவட்டத்து ஆசிரியர் எவருக்கும் விளக்க வேண்டாதது. இங்கே பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறு உண்டு. கயிற்றுக்கு நிறம் உண்டு. நிறத்துக்குச் சாதி உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பள்ளி மாணவன் ஒருவனை அவனுடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் பள்ளிக்குள் வேண்டா என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையை வரவேற்றவர்களும் உண்டு, தூற்றியவர்களும் உண்டு. தூற்றியவர்களுக்கு அந்தப் பையனின் கேள்வியை அனுப்பிவைக்க ஆசை.

ஹாலிவுட்டுக்கு நம் கயிறு தெரியாது. அது அவர்கள் குற்றமன்று. ஆயினும் கேட்கிறேன். பிறப்பினால் தொழில், தொழிலினால் குலம், குலத்தினால் நிறம், எல்லோர்க்கும் மேலே தெய்வ அருள் பெற்ற ஓர் அரசன், பக்கத்திலே சடங்கு நடத்தும் பூசாரி: இந்தச் சித்திரத்தை நாம் எங்கோ பார்த்ததில்லையா? மனுவின் நூலிலிருந்து மேல்கீழ் என்ற சொற்களை மட்டும் அழித்துவிட்டு, அழகான உடை உடுத்திவிட்டால் வக்காண்டா வந்துவிடாதா? சுரங்கக் குலத்தில் பிறந்த ஒரு பெண் வாணிபம் செய்ய விரும்பினால்? எல்லைக் குலத்தான் ஜபாரிப் பெண்ணை மணக்க விரும்பினால்? படம் சொல்லவில்லை. ஒக்கோயேயின் காதலன் எல்லைக் குலத்தலைவன் என்று காட்டுகிறார்களே என்பர் சிலர்; உண்மை, அது ஓர் ஆறுதல். ஆனால் கற்பனை நாட்டைக் கட்டுபவனுக்கு எதையும் கட்டும் உரிமையுண்டு. அப்படியிருந்தும் அவன் குலத்தைக் கட்டினான் என்றால், குலமில்லாத ஆப்பிரிக்காவை அவனால் கனவு காணவும் முடியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் குலம், குலம் என்றால் கோலாகலம் என்று எழுதியவன் வெள்ளையன் அன்றோ?

உடையைப்பற்றியும் ஒரு சொல். மெய்க்காவற்படைக்கு மசாய் மக்களின் சிவப்பு, எல்லைக்காவலருக்கு லெசோத்தோவின் கம்பளிப்போர்வை, அரசித்தாய்க்கு சூலு மக்களின் தலையணி, சுரங்கக் குலத்தலைவிக்கு ஹிம்பா பெண்களின் செம்மண் கூந்தல். நாட்டின் மொழியோ தென்னாப்பிரிக்காவின் கோசா. ஆயிரமாயிரம் கல் தொலைவில் வாழும் மக்களின் அணிமணிகளையெல்லாம் ஒரே முற்றத்திலே கூட்டிவிட்டார்கள். ஒருவன் ராசபுத்திரத் தலைப்பாகையும், காசுமீரச் சால்வையும், நம் பக்கத்துப் பாம்படமும் ஒரே வீட்டுக்காரர்களுக்கு மாட்டிவிட்டு, "இதுதான் இந்தியக் குடும்பம்!" என்றால் நமக்கு எப்படியிருக்கும்? அமெரிக்கக் கறுப்பருக்கு வேறு வழியில்லை என்பதையும் உணர்கிறேன். அடிமைக் கப்பல் அவர்களிடமிருந்து ஊரைப் பறித்தது, மொழியைப் பறித்தது, குடும்பப் பெயரைப் பறித்தது. எந்தக் கரையிலிருந்து வந்தோம் என்று தெரியாதவனுக்குக் கண்டம் முழுவதுமே சொந்த ஊர்தான். கூக்ளரின் படம் அந்தப் பறிகொடுத்தவர்களின் ஏக்கம். ஏக்கத்தை ஏளனம் செய்யலாகாது. ஏக்கம் வரைந்த படத்தை வரைபடம் என்று நம்பவும் கூடாது.

இப்போது கில்மாங்கர். அவன் கேட்பதெல்லாம் நியாயம். உலகெங்கும் கறுப்பர் விலங்கிடப்பட்டபோது, இவ்வளவு வலிமை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று வக்காண்டாவின் அரசவையைப் பார்த்துக் கேட்கிறான். விடை கூற அங்கே ஆளில்லை. இப்படி ஒருவனைப் படைத்துவிட்டு, படம் என்ன செய்கிறது? அவன் தன் காதலியையே சுட்டுக்கொல்வான். முதிய பெண்ணின் கழுத்தைப் பிடித்துத் தூக்குவான். அருங்காட்சியகத்து அம்மையாருக்குக் காப்பியில் நஞ்சு வைத்தவனும் அவன் கூட்டத்தானே. கேள்வியை எதிர்க்க முடியாதபோது கேள்வி கேட்டவனைக் கொலைகாரனாக்கிவிடு! பழைய புராணக்காரர்களின் தந்திரம் இது. இரணியன் கேட்டதற்கு விடையில்லை. ஆகவே அவனை அரக்கனாக்கினார்கள். நம் வாசகர்களுக்கு இதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் பக்கத்திலும் ஒரு கறை உண்டு, அதை மறைக்கமாட்டேன். கோடரியை எடுத்துப் புறப்படும்போது ஒரு முகமூடியையும் எடுத்துக்கொள்கிறான். அதுவும் வக்காண்டாவினுடையதா என்று கூட்டாளி கேட்க, இல்லை, பிடித்திருக்கிறது, எடுத்தேன் என்கிறான். யாருடைய முகமூடி அது? எந்த ஊர் மக்கள் எந்த விழாவில் அணிந்தது? அவனுக்குக் கவலையில்லை. ஜாகரும் அப்படித்தானே எடுத்தார்!

படத்தின் பெரிய பொய் வேறோர் இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவுத்துறையாகிய சி.ஐ.ஏ.யின் அதிகாரி ஒருவர் வக்காண்டாவின் நண்பர். இறுதிப் போரில் விமானம் ஓட்டி ஆயுதங்கள் வெளியேறாமல் தடுக்கும் வீரர்! ஆப்பிரிக்க நாட்டை அன்னியச் சதியிலிருந்து காக்க சி.ஐ.ஏ.! வரலாறு என்ன சொல்கிறது? வைப்ரேனியம் போல மண்ணுக்குள் செல்வம் நிறைந்த உண்மை நாடு காங்கோ. ஹிரோசிமாவில் விழுந்த குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு அந்நாட்டின் சிங்கொலொப்வே சுரங்கத்திலிருந்து போனது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கைப்பேசிகளின் மின்கலத்துக்குக் கோபால்ட்டை மிகுதியாகத் தருவதும் காங்கோதான். அந்நாடு 1960 இல் விடுதலை பெற்றதும் மக்கள் தேர்ந்த முதல் பிரதமர் பாட்ரிசு லுமும்பா. அவரை நஞ்சிட்டுக் கொல்ல சி.ஐ.ஏ. திட்டம் தீட்டியதை 1975 இல் அமெரிக்க மேலவையின் விசாரணைக் குழுவே வெளிப்படுத்திற்று. அந்தத் திட்டம் நிறைவேறும் முன்பே, 1961 சனவரி 17 இல், கட்டாங்கா மாநிலத்தில் பெல்சிய அதிகாரிகளின் கண் முன்னே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னரல்லாத, மூலிகை குடிக்காத, வாக்குப்பெட்டியிலிருந்து எழுந்த ஆப்பிரிக்கத் தலைவன் அவன். அவனைப்பற்றி 130 கோடி டாலர் படம் எடுக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

பெயரின் பயணம் சுவையானது. சித்திரக்கதையின் கருஞ்சிறுத்தை தோன்றியது 1966 இன் நடுவில். அதே ஆண்டு அக்டோபரில், அதே ஓக்லாந்தில், காவல்துறைக் கொடுமையை எதிர்த்துக் கறுப்பிளைஞர்கள் தொடங்கிய கட்சிக்கும் 'பிளாக் பாந்தர்' என்றே பெயர். அதைக் கண்டு 1972 இல் பம்பாயில் நாம்தேவ் தசால் முதலான மராத்திய இளைஞர்கள் 'தலித் பாந்தர்' கண்டார்கள். அந்த நெருப்பு 1982 இல் மதுரைக்கு வந்தது, மலைச்சாமியின் முயற்சியால். அதுவே பின்னர் தொல். திருமாவளவனின் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகளாயிற்று. சிறுத்தை என்ற சொல்லை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் திரைப்படத்தில் முதலில் கேட்கவில்லை, சுவரெழுத்திலே படித்தார்கள். ஓக்லாந்துச் சிறுத்தைகள் பசித்த பிள்ளைகளுக்குக் காலையுணவு வழங்கினார்கள். பம்பாய்ச் சிறுத்தைகள் கவிதை எழுதினார்கள், அடி வாங்கினார்கள். அவர்கள் எவரும் அரியணை கேட்கவில்லை. திரைப்படத்துச் சிறுத்தை மட்டும் மன்னன்!

ஆயினும் ஒரு காட்சிக்காக இப்படத்தை மன்னிக்கிறேன். தோற்று, சாவின் விளிம்பில் கிடக்கும் டி'சாலா, மூலிகை மயக்கத்தில் இரண்டாம் முறை முன்னோரைக் காண்கிறான். வா, எங்களோடு சேர் என்கிறார் தந்தை. மகன் பின்வாங்குகிறான். அச்சிறுவனை ஏன் விட்டுவந்தீர் என்று கேட்கிறான். தந்தையை மட்டுமன்று, பின்னே நிற்கும் பாட்டன் பூட்டன் அனைவரையும் பார்த்து, நீங்கள் எல்லோரும் தவறிழைத்தீர்கள் என்று கதறுகிறான். உலகத்துக்கு முதுகு காட்டியது தவறு என்கிறான். அரங்கத்து விசிலெல்லாம் அடங்கிப்போகும் இடம் இது. எங்கள் படிப்பகத்திலும் அடங்கியது. முன்னோர் சொன்னார்கள் என்பதே முடிந்த முடிபாகக் கொண்ட நாட்டிலே, முன்னோரின் முகத்துக்கு நேரே நின்று 'தவறு' என்று சொல்லும் ஓர் இளைஞனை நம் பிள்ளைகள் எத்தனை முறை திரையில் பார்த்திருப்பார்கள்? மயக்கத்தில் சொன்னதை விழித்தபின் அவையில் சொல்லியிருந்தால் இன்னும் நன்று. போகட்டும்.

இந்த இடத்தில்தான் படம் எனக்குப் பொருநைக் கரைப் படமாகிறது. ஏனெனில் முன்னோர்ப் பெருமை இப்போது எங்கள் ஊரின் பெரும் பயிர். 2025 சனவரியில், பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழக அரசு அறிவித்தது. இன்னும் சான்று வேண்டும் என்று கேட்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள்; கேட்கட்டும், கேள்விக்கு அஞ்சினால் அது விஞ்ஞானமா? அறிவிப்பு வந்த அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. வடக்கேயிருந்து வந்துதான் தெற்கு நாகரிகம் கற்றது என்று எழுதிவைத்த பொய்க்கு இரும்பாலேயே விடை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். சிம்பாப்வேயின் பெருங்கற்கோட்டையை ஆப்பிரிக்கர் கட்டியிருக்க முடியாது என்று வெள்ளையர் நெடுங்காலம் சாதித்தார்கள். 1929 இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் அம்மையார் அகழ்ந்து, ஆப்பிரிக்கர் கட்டியதே என்றுரைத்தபோது அவர்கள் எப்படி நிமிர்ந்திருப்பார்களோ, அப்படி நிமிர்ந்தேன்.

ஆனால் நிமிர்ந்தவன் அண்ணாந்தே நின்றுவிடலாமா? கொற்கை முத்து உரோம் வரை ஒளிவிட்டது என்று மேடையிலே முழங்குகிறோம். அந்தக் காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூசு' என்னும் கடற்பயணக் குறிப்பு, கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள் என்றும் கூறுகிறது. முத்து பாண்டியனுக்கு, மூச்சடைப்பு கைதிக்கு! மேடையில் இந்த இரண்டாவது செய்தியை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. இதே பொருநையில், 1999 சூலை 23 இல், கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர் மீது காவலர் தடியடி நடத்த, ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டனர். அவர்களிலே ஒரு கைக்குழந்தையும் உண்டு. நாகரிகத்தின் தொட்டில் என்று நாம் கொண்டாடும் ஆறு அது. அடிமைக் கப்பலிலிருந்து கடலில் குதித்த தன் முன்னோரோடு தன்னையும் கடலில் போடச் சொல்லிச் சாகிறான் கில்மாங்கர். அந்த வசனத்தின்போது எனக்குக் கடல் நினைவுக்கு வரவில்லை, ஆறு வந்தது.

பெர்லினுக்குப் போனவை திரும்புமா? 1897 இல் ஆங்கிலேயர் சூறையாடிய பெனின் வெண்கலச் சிற்பங்களில் பெர்லின் வசமிருந்த 512 பொருள்களின் உரிமை, 2022 ஆகஸ்டில் நைசீரியாவுக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் செருமானிய வெளியுறவு அமைச்சரே 20 பொருள்களைக் கையோடு கொண்டுபோய் ஒப்படைத்தார். நைசீரியர்கள் பல்லாண்டு விடாமல் கேட்டார்கள், பெற்றார்கள். நாம் அப்படிக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் எழும்பூரிலிருப்பவற்றை எப்படி வைத்திருக்கிறோம், எத்தனை பள்ளிப்பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 600 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து தன் பாட்டியின் பொன்பட்டத்தைப் பார்க்க எங்கள் ஊர்க் கூலிக்காரன் பிள்ளைக்கு எப்போது முடியும்?

2023 ஆகஸ்டில் பறம்பின் மீதே திறந்தார்கள் ஒரு களக்காட்சிக் கூடம். கண்ணாடித் தளத்தின் மேல் நடந்தபடி, கீழே குழிக்குள் தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே காணலாம். நல்ல ஏற்பாடு. வருபவர்கள் பொன் கிடைத்த தாழி எது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பொன் சில தாழிகளில்தான் கிடைத்தது. பல தாழிகளில் எலும்போடு ஒன்றிரண்டு மண்கலயங்கள், அவ்வளவே. சாவிலும் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கிறது, அந்தப் பொற்காலத்திலும்! பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பை அங்கே அழைத்துப் போகிறேன். பொன்பட்டம் கண்ட தாழியைப்பற்றி எந்தப் பாடநூலும் சொல்லிவிடும். நான் முதலில் காட்டப்போவது, ஒன்றுமில்லாத தாழியை.